சாய்ந்தமருதின் பழைய பெயர்களில் கை வைக்காதீர்கள்



ஊரிலே ஒரு பட்டியல் சுற்றுகிறது. வட்ஸ்அப்பில் எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். வீதிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் புதிதாகப் பெயர்ப்பலகை போட வேண்டுமாம். அந்தக் கையோடு "பழைய, பொருத்தமில்லாத" பெயர்களையும் மாற்றிவிட வேண்டுமாம். பிரேரிக்கப்பட்ட பெயர்களில் பாதி அரபு. மீதியில் கொஞ்சம் ஹாஜியார்மார், கொஞ்சம் அரசியல்வாதிகள், மிச்சம் "கார்டன்", "சிட்டி". பட்டியலுக்கு மேலே மூன்று பந்தியில் ஒரு "வரலாறு" வேறு இருக்கிறது. நமது கரையோர ஊர்ப் பெயர்களெல்லாம் அரபுச் சொற்கள் திரிந்து வந்தவையாம். எழுதியவர் யார் என்று அதில் இல்லை.

நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன். இதற்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. திட்ட நினைக்கிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். சாய்ந்தமருது என்றால் சாய்ந்து நின்ற மருத மரம். இதற்கு அகராதி தேவையில்லை. சிங்களத்தில் கும்புக் என்கிற அதே மரம்தான். அது நீரோரத்து மரம், வேர் எப்போதும் ஈரத்தைத் தேடும். ஆகவே கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற நம் ஊரின் பெயரிலேயே நன்னீர் இருக்கிறது. வடக்கே மருதமுனையும் அதே மரத்தின் பெயர்தான். இந்த இரண்டு பெயரையும் வைத்தவர்கள் மரத்தைப் பார்த்து வைத்தார்கள். தாங்கள் பேசிய மொழியிலே வைத்தார்கள். அந்த மொழி தமிழ். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். சம்மாந்துறை என்பது சம்பான் வந்து நின்ற துறை. இன்று அங்கே போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் தெற்கு முனை அந்தப் பக்கம் வரைக்கும் வந்தது, வள்ளமும் சரக்கும் வந்தன என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. தெற்கே அம்பாந்தோட்டையும் இதே சம்பான்தான். இரண்டு ஊரிலும் நம் ஆட்கள் இருப்பது தற்செயல் இல்லை. அட்டாளைச்சேனை என்றால் காவல் பரண் கட்டிய சேனை. யானையும் பன்றியும் வந்து பயிரை அழிக்காமல் அட்டாளையில் ஏறி இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் ஊர் அது. அக்கரைப்பற்று மறுகரையில் இருந்த பற்று, அதன் பழைய பெயர் கருங்கொடித்தீவு. ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில் என்று வருகிற அந்த "வில்" நீர் தேங்கி நிற்கிற தாழ்ந்த இடம். நற்பிட்டிமுனையில் வருகிற "பிட்டி" மேட்டு நிலம்.

இவற்றில் ஒரு பெயரையாவது அரபுக்கு இழுத்துப் பார்க்கட்டும். இழுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? துறையும் போய்விடும், சேனையும் போய்விடும், பரணில் விழித்திருந்த மனிதனும் போய்விடுவான். எஞ்சுவது யாரும் நம்பாத ஒரு கதை.

பெயர் மாற்றச் சொல்பவர்கள் அடிக்கடி எடுக்கிற வாதம், "இவை இஸ்லாமியப் பெயர்கள் இல்லையே" என்பது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் யத்ரிபை மதீனா ஆக்கவில்லையா என்று கேட்கிறார்கள். சரி, கேட்போம். கெட்ட பொருள் தந்த பெயர்களை அவர்கள் மாற்றினார்கள், உண்மை. ஆனால் பத்ர் பத்ராகவே இருந்தது. உஹது உஹதாகவே இருந்தது. குபா, தாயிப், கைபர் எல்லாம் இஸ்லாத்துக்கு முன்னர் மக்கள் வழங்கிய பெயர்கள். அவற்றில் கை வைக்கப்படவில்லை. மரத்தின் பெயரும் துறையின் பெயரும் சேனையின் பெயரும் எந்த வகையில் கெட்ட பொருள்?

நமக்குப் பக்கத்திலேயே மாவடிப்பள்ளி இருக்கிறது. மாமரத்தடி, அதோடு பள்ளி. இந்தப் பெயரில் எது இஸ்லாம், எது தமிழ் என்று யாராவது கத்தியால் வெட்டிப் பிரித்துக் காட்டட்டும். நாம் தொழுகிறோம், நோன்பு பிடிக்கிறோம், பெருநாள் கொண்டாடுகிறோம், குர்ஆன் ஓதுகிறோம். தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதல், பள்ளிவாசல் எல்லாம் தமிழ்ச் சொற்கள். இவற்றால் நம் ஈமானில் குறைவு வந்ததா? பள்ளி என்ற சொல்லை ஏற்ற நாக்குக்கு மாவடி என்ற சொல் மட்டும் ஏன் கசக்கிறது?

இதற்குள்ளே இன்னொரு பயம் இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேசுவோம். "ஊர்ப் பெயர் தமிழ் என்று ஒத்துக்கொண்டால், நீங்களும் தமிழர்தானே, தனி இனம் எங்கே என்று கேட்பார்கள்" என்கிற பயம். இது இன்று நேற்று வந்த பயம் இல்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். அதற்கு 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி வெளியிட்டார். அந்த விவாதம் அரசியல் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதம். சட்டசபையில் நமக்கென்று ஓர் ஆசனம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. அதில் நம் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் தமிழ் பேசுகிற தனிச் சமூகம் என்று நிற்பதற்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புளியமரத்தின் பெயரை மறைக்க வேண்டியதில்லை. சோனகர் என்ற பெயரையே தமிழ்தான் நமக்கு வைத்தது. மூர் என்பது போர்த்துக்கேயர் ஒட்டிய பெயர். தனித்துவத்துக்கு அடையாளமாக நாம் தூக்கிப்பிடிக்கிற சொல்லே தமிழ்ச் சொல் என்றால் எதை மறைத்து எதைக் காக்கப் போகிறோம்?

மறுபக்கமும் யோசியுங்கள். நம்மைப் பார்த்து "வந்தேறுகுடிகள்" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. 1626 அளவில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற செய்தியை நாமே மேடைக்கு மேடை சொல்கிறோம். அதைக் கேட்டவன் "அப்போ வந்தவர்கள்தானே" என்கிறான். அவனுக்கு என்ன பதில்? இந்த மண்ணின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடைக்கும் நம் வாயில் பெயர் இருக்கிறது என்பதுதான் பதில். வயல் வெட்டியவனுக்குத்தான் வட்டையின் பெயர் தெரியும். அந்தப் பெயர்களைத் துடைத்துவிட்டு நேற்று அச்சடித்த அரபுப் பலகையை நட்டால், "பாருங்கள், இவர்கள் வெளியில் இருந்து வந்தவர்கள்" என்று சொல்பவனுக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுக்கிறோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காத்தான்குடியின் அரபு எழுத்துப் பலகைகள் நாடு முழுக்க எப்படிப் பேசுபொருளாகின என்பது அதற்குள்ளே மறந்துவிட்டதா?

இனி நம் ஊருக்குள்ளே வருவோம்.

நமது பிள்ளைகளிடம் "எந்தப் பகுதி மகன்?" என்று கேட்டால் "ஒன்பதாம் பிரிவு சேர்", "பதின்மூன்றாம் பிரிவு சேர்" என்று சொல்கிறார்கள். சாய்ந்தமருது 1 முதல் 17 வரை. கிராம உத்தியோகத்தருக்கு இலக்கம் வேண்டும், சரி. கடிதம் வர வேண்டும், சரி. ஆனால் பதினேழு இலக்கத்தில் எந்த இலக்கமாவது அந்த இடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்கிறதா? இலக்கம் வந்து நம் பெயர்களைப் பாதி மறக்கச் செய்தது. மீதியை இந்தப் பட்டியல் முடித்து வைக்கப் பார்க்கிறது.

பெயர் போனால் கூடவே என்ன போகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. கரைவாகு என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இந்தப் பகுதி முழுக்கக் கரைவாகுப்பற்று. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பற்றுகளில் ஒன்று. நம் ஊருக்குச் சொந்தமாக ஒரு கிராம சபை இருந்தது. அதன் பெயர் கரைவாகு தெற்கு. 1987இல் பிரதேச சபை முறை வந்தபோது அது கல்முனையோடு சேர்க்கப்பட்டது. சபையும் போனது, பெயரும் போனது. இன்று கரைவாகு என்பது வயல்காரர் வாயில் மட்டும் இருக்கிறது. பிறகு தனிச் சபை கேட்டு எத்தனை ஆண்டுகள் அலைந்தோம்! 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். "முன்பு எங்களுக்கு ஒரு சபை இருந்தது" என்று நாம் வாதாடும்போது கையில் இருந்த பலமான சான்று அந்தப் பழைய பெயர்தான். இதைப் பட்டபிறகும் பழைய பெயர் எதற்கு என்று கேட்கிறவர்களை எனக்கு விளங்கவில்லை.

எல்லைப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. கல்முனையில் பிரதேச செயலக எல்லை பற்றிய தகராறு எத்தனை தேர்தலைக் கண்டுவிட்டது! நாளை எல்லை பிரிக்க ஒரு குழு வரும். அது பழைய வரைபடத்தைப் பார்க்கும், உறுதிகளைப் பார்க்கும். உங்கள் வீட்டு உறுதியை எடுத்து வாசியுங்கள். காணியின் பெயர், வளவின் பெயர், நாலு பக்கத்து எல்லை எல்லாம் எழுதியிருக்கும். உறுதியில் ஒரு பெயர், பலகையில் இன்னொரு பெயர், பிள்ளையின் வாயில் ஓர் இலக்கம் என்று ஆகிவிட்டால், இரண்டு தலைமுறை கழித்து அந்த உறுதி எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதை நாம் அனுபவித்திருக்கிறோம். கரையோரத்தில் வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, அடையாள மரம் இல்லை. பலருக்கு உறுதியும் கடலோடு போனது. அப்போது இடத்தின் பெயரும் பக்கத்து வளவுக்காரர் பெயரும் தெரிந்த மூத்தவர்கள்தான் சாட்சி.

சுனாமி நமக்குப் புதுப் பெயர்களையும் தந்தது. மருதமுனையில் "65 மீற்றர்" என்று ஒரு வீட்டுத்திட்டம். கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது என்ற அரசாங்க அளவு, அப்படியே மனிதர் வாழும் இடத்தின் பெயராகிவிட்டது. அந்த நிலத்தின் சொந்தப் பெயர் மேட்டுவட்டை. மேடான வயல்வெளி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை. நம் ஊரில் பொலிவேரியன் கிராமம், நம் வாயில் வொலிவேரியன். வெனிசுவேலா உதவியில் எழுந்த வீடுகள், தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரின் பெயர். அந்தக் கதையை அங்கே குடியிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? 2019 ஏப்ரல் 26 இரவு அந்தப் பெயர் உலகப் பத்திரிகைகளுக்குப் போனது, ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒவ்வொரு எழுத்துக் கூட்டலில். அந்த வீட்டில் புதிதாக வந்திருப்பவர்கள் சரியில்லை என்று தகவல் கொடுத்தது நம் மக்கள். அந்தச் செய்தியை விட வெடிச்சத்தம்தான் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம் இடத்தின் கதையை நாம் எழுதி வைக்காவிட்டால் பிறர் எழுதுவார்கள், அவர்களுக்குத் தெரிந்த மட்டும் எழுதுவார்கள்.

இனி "கார்டன்", "சிட்டி" விவகாரம். இது வெறும் ஆசை இல்லை சகோதரர்களே, இதில் வியாபாரம் இருக்கிறது. பள்ளம், ஓடை, வில், மடு என்று முடிகிற காணியை யார் நல்ல விலைக்கு வாங்குவார்? பெயரைக் கேட்டதும் மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிடும். ஆகவே முதலில் பெயரை மாற்று, பிறகு மண்ணைக் கொட்டு, பிறகு துண்டு போட்டு விற்று விடு. வாங்குகிறவர் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த பிள்ளை. மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று வாங்குகிறார். முதல் மாரியில் தண்ணீர் தன் பழைய பெயரைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. நம் தோணாவைப் பாருங்கள். வயல் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற வழி அது. தோணா என்று பெயர் இருக்கும்போதே குப்பை கொட்டி, கரையைப் பிடித்து இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டோம். அதற்கும் ஒரு புதுப் பெயர் வைத்தால், அது தண்ணீர் போகிற வழி என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும்.

தைக்காவடி, மக்காமடி போன்ற பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலருக்கு அதுதான் பெரிய உறுத்தல். கொடியேற்றத்துக்குப் போவதா இல்லையா என்பது உங்கள் மார்க்க நிலைப்பாடு. அதை மௌலவிமாரோடு பேசிக்கொள்ளுங்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்குப் போகிறவரும் இருக்கிறார், போகக்கூடாது என்பவரும் இருக்கிறார். ஆனால் ஓர் இடத்தில் தைக்கா இருந்தது என்பது நடந்த விஷயம். பெயரை அழித்தால் நடந்தது நடக்காததாகிவிடாது. நம் மூத்தவர்கள் எப்படி வணங்கினார்கள், எப்படி மாறினார்கள் என்று தெரியாத ஒரு தலைமுறைதான் உருவாகும்.

ஒரு வகைப் பெயரை மட்டும் மாற்றலாம் என்று நானும் சொல்வேன். தொழிலைச் சொல்லி ஒரு குடும்பத்தைத் தாழ்த்துகிற பெயர்கள் நம் ஊர்களிலும் உண்டு. இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மிம்பரில் பேசிவிட்டு, இறங்கி வந்து அந்தப் பெயரால் ஆட்களைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பெயரைப் பலகையில் எழுதுவது அநியாயம். ஆனால் அதற்கும் அந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சுற்றுகிற பட்டியலில் இப்படி ஒரு பெயரைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. மரத்தின் பெயர்தான் அவர்களுக்கு இடைஞ்சல்.

பெரியவர்களை நினைவுகூர வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். புதிய வீதி வருகிறது, நூலகம் வருகிறது, மைதானம் வருகிறது. அவற்றுக்கு வையுங்கள். நல்ல மனிதருக்கு மரியாதை செய்ய இன்னொரு பெயரைக் கொன்றுதான் ஆக வேண்டுமா? அதுவும் உயிரோடு இருக்கிற அரசியல்வாதியின் பெயர்! அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் பலகையைக் கழற்றுவீர்களா?

கடைசியாக ஒரு கேள்வி. இந்தப் பட்டியலை எழுதும்போது எத்தனை பெண்களிடம் கேட்டீர்கள்?

சும்மா கேட்கவில்லை. நம் கிழக்கிலே வீடு மகளுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். குடியும் தாய் வழியில்தான் வருகிறது. உம்மா ஒரு வளவு, பக்கத்தில் சாச்சி, அடுத்து தாத்தா, பின்னால் மூத்தம்மா என்று பெண்கள்தான் ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆண்களாகிய நாம் பாதிப்பேர் மனைவியின் பகுதிக்குக் குடிவந்தவர்கள். குடிவந்தவர்கள் கூடியிருந்து குடியிருந்தவர்களின் ஒழுங்கைக்குப் பெயர் மாற்றுகிறோம்! எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினார்கள், எந்த மரத்தடியில் பாய்க்குப் பன் காயப்போட்டார்கள், அந்த வளவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் மூத்தம்மாமாருக்குத் தெரியும். அவர்களில் எண்பது தாண்டியவர்கள் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று உங்கள் ஒழுங்கையில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் சில பெயர்கள் மையவாடிக்குப் போகின்றன.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

பட்டியலை நிறுத்துங்கள். ஒரு பலகை எழுதுவதற்கு முன்னர் பதினேழு பிரிவிலும் இப்போது வழக்கிலிருக்கும் பெயர்களையும் வழக்கொழிந்த பெயர்களையும் எழுதி எடுங்கள். உறுதிகளிலிருந்து எடுங்கள், பள்ளிவாசல் பதிவேடுகளிலிருந்து எடுங்கள், வட்டைவிதானைமாரிடம் வயல்வட்டைப் பெயர்களைக் கேளுங்கள், மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பெயருக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், அழகானதை மட்டும் பொறுக்காதீர்கள். பலகை போட்டால் பழைய பெயரைப் பெரிதாகவும் இலக்கத்தைச் சிறிதாகவும் போடுங்கள்.

இந்தத் தவணை என் வகுப்பு மாணவர்களுக்கு இதையே வீட்டு வேலையாகக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வளவைச் சுற்றி ஐந்து பெயர், அதைச் சொன்னவர் யார், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டு எழுதி வர வேண்டும். உங்கள் பிள்ளை கொப்பியோடு வந்து கேட்டால் "இது என்ன பாடம்" என்று விரட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மூத்தம்மாவிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் தங்களுக்கு நினைவில் இருக்கும் பகுதிப் பெயர்களை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நானும் என் பிள்ளைகளும் சேர்த்து வைக்கிறோம். அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு திரிகிற சகோதரர்களும் எழுதலாம். அவர்களுக்கும் இந்த ஊரில் ஒரு மூத்தம்மா இருந்திருப்பார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிவைத் தருவானாக. வஸ்ஸலாம்.